ஆர்க்டிக் கடல் பனிக்கட்டியில் மாதிரி எடுக்கும் வேலைக்குப் பாளையங்கோட்டையில் இருந்தே எதைப் பழகலாம்?

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற தம்பி கேட்டதற்குப் பதில். குளிரைப் பழக நம்ம ஊரில் வழியே இல்லை, அதை விடுங்கள். சரியான உடுப்பு இருந்தால் சமாளித்துவிடலாம். கை பழக வேண்டியது, கோர் (பனிக்கட்டியைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) வெளியே வந்ததும் எதை முதலில் செய்வது என்கிற வரிசைதான்.

கோர் போடும் முன் மேலே கிடக்கும் வெண்பனியை அளந்துவிட வேண்டும். மிதித்த பனி எதற்கும் உதவாது. மிதிக்காத இடத்தில் குழி தோண்டி, அதன் நிழல் விழும் சுவரில் 100 க.செ.மீ. பனியை வெட்டி எடுக்கும் கட்டரைச் செருகி எடுத்து நிறுங்கள். 32 கிராம் என்றால் அடர்த்தி கன மீட்டருக்கு 320 கிலோ. பத்தடி தள்ளினால் ஆழம் மாறிவிடும் என்பதால் ஒரு குழியை நம்பாமல், கோடு போட்டு நெடுகக் குச்சியால் அளக்க வேண்டும்.

கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையும். அப்போது உப்பு பனிக்கட்டிப் படிகத்துக்குள் போகாது. நுண்ணிய இடுக்குகளில் அடர்ந்த உப்புநீராகத் தங்கும். 9 செ.மீ. விட்டமுள்ள கோரை வெளியே இழுத்ததுமே அது ஒழுக ஆரம்பிக்கும், அடிப்பக்கம்தான் ரொம்ப. அதனால் போட்டோவெல்லாம் பிறகு. முதலில் 10 செ.மீ.க்கு ஒரு துளை, மையம் வரை போட்டு வெப்பநிலை. உப்புக்குத் தனியாக இன்னொரு கோர் எடுத்து, உடனே ரம்பத்தால் துண்டு போட்டு மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள். முழுக்க உருகிய பிறகு குலுக்கித்தான் அளக்க வேண்டும். பாதி உருகியதில் உப்பு கூடுதலாகக் காட்டும். முதல் வருடப் பனிக்கட்டியில் (ஒரு கோடையையும் தாண்டாதது) பொதுவாகக் கிலோவுக்கு 4 முதல் 6 கிராம் இருக்கும்.

துளைக்குள் கோர் எடுக்கும் கருவியான கோரரைச் சுற்றாமல் நிறுத்தினால் சீவல் உறைந்து பிடித்துக்கொள்ளும். பேட்டரி சட்டைக்குள்ளே இருக்கட்டும்.

வீட்டில் செய்து பார்க்க: உவரிக் கடற்கரையில் ஒரு வாளி கடல்நீர் பிடியுங்கள். ஃப்ரீசரில் கொள்ளும் சின்ன டப்பாவில் ஊற்றி, பக்கமும் அடியும் தெர்மாகோல் சுற்றி, மேலே திறந்து வையுங்கள். கடலில் போல மேலிருந்து உறையும். 4 செ.மீ. வந்ததும் எடுத்து இரண்டாக வெட்டி, ஒன்றை உடனே டப்பாவில் அடையுங்கள். மற்றதைச் சல்லடையில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, தங்கியதை மட்டும் அடையுங்கள். உருகியதும் இரண்டின் உப்பையும் ஒப்பிட்டால், களத்தில் தாமதித்தால் எவ்வளவு போகும் என்று தெரிந்துவிடும். உப்பை அளக்க உதவுவது நீரின் மின்கடத்துதிறனைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டர். மலிவான மீட்டர்கள் பல 20 மில்லிசீமென்ஸோடு நின்றுவிடும். கடல்நீரோ 50-ஐத் தாண்டும். அப்படி நின்றால் அதே எடைக்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து அளங்கள். வந்த எண்ணை உப்பளவாக மாற்றிய பிறகே இரண்டால் பெருக்க வேண்டும். மீட்டர் காட்டியதை நேராகப் பெருக்கினால் கணக்கு தப்பும்.

பிறகு, இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 முதல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் உள்ள நீ-ஓலசுண்டில் இருக்கிறது. அதை நடத்துவது கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம்; அங்கே விசாரியுங்கள். குடியிருப்பைத் தாண்டி வேலை என்றால் பனிக்கரடிக் காவலுக்கும் ஆள் வேண்டும், அவர் கோரைப் பிடிக்க வரமாட்டார். ஆள் கணக்கில் அவரைச் சேர்த்துவிடாதீர்கள்.