டிபன் பாக்ஸ் இருக்கட்டும், மருந்து டேங்க்கைக் கவனியுங்கள்

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “எனக்கு 28 வயது, ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். கணவருக்கு இரண்டு ஏக்கரில் மஞ்சளும் காய்கறியும். மருந்து அவரே அடிப்பார். கல்யாணமாகி ஒன்றரை வருடம், இன்னும் குழந்தை இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் சுடுசோறு கட்டுவதால்தான் என்று நாத்தனார் தினமும் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடவா?”

சூடான சாப்பாட்டுக்கு எவர்சில்வருக்கு மாறிவிடுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி வேறு. ‘மருந்து அவரே அடிப்பார்.’

பிளாஸ்டிக்கும் பூச்சிமருந்தும் ஹார்மோனைக் குழப்பும் என்கிறார்களே, எப்படி? நம்மூர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டரின் ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். ஹார்மோன் அந்த விசில் மாதிரி. ரத்தத்தில் மிகமிகக் கொஞ்சம்தான் இருக்கும், அதற்கே உறுப்புகள் கீழ்ப்படியும். ஹார்மோனைக் குழப்பும் ரசாயனங்கள் மூன்று விதமாக வேலையைக் கெடுக்கின்றன. சிலவகைப் பிளாஸ்டிக்கில் இருக்கும் பிபிஏ, கூட்டத்துக்குள்ளிருந்து எவனோ விசிலடிப்பதுபோல ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் வேடம் போடும். டிடிடி என்ற பழைய பூச்சிமருந்து உடைந்து வரும் டிடிஇ, டிரைவரின் காதைப் பொத்துவதுபோல ஆண் ஹார்மோனின் செய்தியைத் தடுக்கும். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளில் சில, கண்டக்டரிடமிருந்து விசிலையே பிடுங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சுரப்பதே குறையும். வயிற்றில் பிள்ளை உருவாகும் மாதங்களில் இப்படி நடந்தால்தான் சேதம் அதிகம். படிக்கட்டில் ஆள் ஏறும்போது பஸ் கிளம்பினால் என்ன ஆகும்?

இதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தவை முதலைகள். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் அபாப்கா ஏரிக்குப் பக்கத்தில் 1980-ல் ஒரு ரசாயன ஆலையிலிருந்து டைகோஃபால் என்ற பூச்சிமருந்தும் டிடிடியும் கசிந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஏரியில் குட்டி முதலைகள் மளமளவென்று குறைந்தன. லூயிஸ் கில்லெட் என்ற விலங்கியலாளரின் குழு முதலைகளைப் பிடித்துப் பார்த்தது. ஆண் குட்டிகளின் உறுப்பு சராசரியாகக் கால் பங்கு சிறிதாக இருந்தது, டெஸ்டோஸ்டிரோனும் குறைவு. பெண் குட்டிகளின் சினைப்பைகளிலும் கோளாறு. டைகோஃபால் ஒன்றும் நமக்கு அந்நியமில்லை, சிலந்திப்பேனுக்கு இந்தியாவிலும் அடித்த மருந்துதான்.

மனிதர்கள் விஷயத்தில் நான் அடிக்கடி சொல்வது 1977-ல் கலிபோர்னியாவின் லாத்ராப்பில் நடந்தது. டிபிசிபி என்ற நூற்புழு மருந்தைத் தயாரித்த ஆலை அது. தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, ‘அட, உனக்கும் குழந்தை இல்லையா?’ என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் கண்டுபிடிக்கவில்லை, நிர்வாகமும் கண்டுபிடிக்கவில்லை. சோதித்தால் பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு ஒன்றுகூட இல்லை. டிபிசிபி ஹார்மோன் வேடம் போடுவதல்ல, விரையையே நேராகத் தாக்குவது. ஆனால் கைவழியாகவும் மூச்சுவழியாகவும் இறங்கும் பூச்சிமருந்து ஓர் ஆணை என்ன செய்யும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அதனால் முதல் வேலை உங்கள் கணவருக்கு. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 75 நாள் ஆகும். இன்று அடித்த மருந்தின் விளைவு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். குறைந்தது மூன்று மாதம் அவர் டேங்க்கைத் தோளில் மாட்டாமல் இருக்கட்டும். ஆள் வைத்து அடிப்பதென்றால் கையுறையும் மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள், அந்த ஆளுக்கும் ஒரு குடும்பம் இருக்கும். அவரே அடித்தாக வேண்டுமென்றால் காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது, வெறுங்கையால் மருந்தைக் கலக்கவே கூடாது. வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அப்புறம் சாப்பாடு. அந்தச் சட்டையை உங்கள் துணியோடு சேர்த்து ஊறவைக்காதீர்கள்.

உங்கள் பில் கவுன்டருக்கு வருவோம். பில் தாளை நகத்தால் கீறுங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் பேப்பர். அதில் பெரும்பாலும் பிபிஏ அல்லது அதன் பங்காளி பிபிஎஸ் பூசியிருக்கும். சானிடைசரோ ஹேண்ட் கிரீமோ போட்ட கையால் தொட்டால் அது தோலுக்குள் இன்னும் எளிதாக இறங்கும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வேலையை விட வேண்டாம்.

டப்பா? பிபிஏ வருவது பாலிகார்பனேட் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கிலிருந்தும், டின் உணவின் உட்பூச்சிலிருந்தும். பாலிகார்பனேட்டில் கொதிநீர் பட்டால் கசியும் வேகம் பல மடங்கு கூடும். ‘பிபிஏ ஃப்ரீ’ ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாற வேண்டாம், உள்ளே பிபிஎஸ் இருக்கலாம். ஆறிய பருப்பும் புளியும் போட்டு வைக்கிற டப்பாக்கள் பாட்டுக்கு இருக்கட்டும். ஒரு நல்ல சேதி: பிபிஏ ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் பிளாஸ்டிக், டின் படாத புதுச் சமையலாகக் கொடுத்தபோது சிறுநீரில் அதன் அளவு சராசரியாக மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. டிடிடி அப்படியில்லை, கொழுப்பில் பல ஆண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆனால் ஒன்று. உங்களுக்குக் குழந்தை இல்லாததற்கு இந்த டப்பாதான் காரணம் என்று எந்த டெஸ்ட்டும் சொல்லாது, நாத்தனாரின் வீடியோவும் சொல்ல முடியாது. தைராய்டு, நீர்க்கட்டி, குழாய் அடைப்பு, விந்தணுக் குறைவு என்று கண்டுபிடிக்கக்கூடிய காரணங்கள் நிறைய. ஒரு வருடம் தாண்டிவிட்டதால் இருவருமே டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் இது. நீங்கள் மட்டும் போய்விட்டு வராதீர்கள். விந்துப் பரிசோதனை எளிது, இரண்டிலிருந்து ஏழு நாள் வரை உறவில்லாமல் இருந்துவிட்டுக் கொடுக்க வேண்டும். போகும்போது, தோட்டத்தில் கிடக்கும் மருந்து டப்பாக்களின் லேபிளை ஒன்றுவிடாமல் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.