கோவிலில் தாலி கட்டிய கல்யாணம், பதிவு இல்லை. பிரிந்தால் வீட்டில் பங்கு உண்டா, பிள்ளை யாரிடம் இருக்கும்?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் கோவிலில் தாலி கட்டிக் கல்யாணம், ஹோம் அஃபேர்ஸ் என்கிற உள்துறை அலுவலகத்தில் பதியவில்லை, வீடு அவர் பெயரில், ஏழு வயதில் மகள், இப்போது பிரிகிறோம், எனக்கு என்ன உரிமை என்று கேட்டிருக்கிறாய். அதற்கு ஒருவர் "பதிவு இல்லையென்றால் நீங்கள் மனைவியே இல்லை, ஒன்றும் கிடைக்காது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இதே வரியைத்தான் 2013இல் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் என் புருஷன் வீட்டார் கூடி உட்கார்ந்து எனக்குச் சொன்னார்கள். அது பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாகச் சொல்லித்தான் நம் ஊரில் எத்தனையோ பெண்களை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறார்கள்.

தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன், தப்பாக நினைக்காதே. நான் வக்கீல் இல்லை. தையல் ஆலையில் மெஷினில் உட்கார்ந்தவள். என் வழக்கு நடந்தபோது ஒவ்வொரு காகிதத்தையும் நானே படித்தேன், புரியாததை விடாமல் கேட்டேன். அந்த அறிவில் எழுதுகிறேன். உன் காகிதங்களை ஒரு வக்கீல் பார்த்தே ஆகவேண்டும்.

முதலில் விவாகரத்து. பதியாத இந்துக் கல்யாணத்துக்கு இந்த நாட்டில் விவாகரத்து கிடையாது. சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை என்பதால் முறிக்கவும் ஒன்றும் இல்லை. 2007இல் டர்பன் உயர் நீதிமன்றத்தில் ஒரு இந்துப் பெண் இதையே கேட்டுப் போனார், கிடைக்கவில்லை. முஸ்லிம் கல்யாணங்களுக்காக 2022இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2024இல் விவாகரத்துச் சட்டத்தையே திருத்தினார்கள். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நம் தாலிக்கு அந்தத் திருத்தம் வரவில்லை.

ஆனால் அதே டர்பன் நீதிமன்றம் 2008இல் வேறொரு வழக்கில், புருஷன் உயில் எழுதாமல் இறந்தால் இந்து முறைப்படி கட்டிய மனைவியும் வாழ்க்கைத் துணைதான், அவளுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்று சொல்லிவிட்டது. அவர் செத்தால் நீ மனைவி, உயிரோடு இருந்து பிரிந்தால் நீ யாரோ. இந்த ஓட்டையில்தான் நீயும் நிற்கிறாய், நானும் நின்றேன்.

என் கல்யாணம் 1996இல். தாலி கட்டி வைத்த ஐயருக்குத் திருமணப் பதிவு அதிகாரம் கிடையாது. கோவில் ரசீதும் முத்திரை வைத்த ஒரு தாளும் தந்தார். ஹோம் அஃபேர்ஸுக்கு எப்போது போகலாம் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். "சாமி முன்னால நடந்ததுக்கு வெள்ளைக்காரன் காகிதம் எதுக்கு?" என்பார் மாமியார். என் புருஷனும் அம்மா சொன்னால் சரி என்று இருந்துவிடுவார். 2001இல் வீடு வாங்கினோம். நிரந்தர வேலை அவருக்குத்தான் இருந்தது என்று பேங்கில் போண்ட், அதாவது வீட்டுக் கடன், அவர் பெயரிலேயே போட்டார்கள். போண்ட் தவணை அவர் சம்பளத்தில் போனது. தண்ணி, லைட், ரேட்ஸ் என்கிற வீட்டு வரி, மளிகை, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் என் சம்பளத்தில் போனது. சீனத் துணி வந்து குவிந்து ஆலைகள் மூடியபோது என்னையும் நிறுத்தினார்கள். கைக்கு வந்த பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தை அப்படியே போட்டுப் பின்கட்டு எழுப்பினேன். அதில் வாடகைக்கு ஆள் வைத்தோம். சிமெண்டு, கல், டைல்ஸ் வாங்கிய ரசீது ஒன்றையும் நான் தூக்கிப் போடவில்லை, பேக்கர்ஸ் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தேன்.

பிரிவு என்று வந்ததும் கூட்டம் போட்டார்கள். அவருடைய பெரியப்பாதான் தலைமை. டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு வீட்டில் எந்தப் பாத்தியதையும் இல்லை, பிள்ளைகள் அப்பா வீட்டில் இருப்பார்கள், நான் மனப்பூர்வமாகப் போகிறேன் என்று அதில் இருந்தது. "மாமா, நான் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். "படிக்க என்னம்மா இருக்கு? பதிவு இல்லாத கல்யாணம். நீ இந்த வீட்டுல விருந்தாளி. இன்னைக்கு ராத்திரியே கிளம்பு" என்றார். கிளம்பவில்லை. கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரையும் குடியிருக்கும் வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது என்பது அரசியல் சாசனத்தின் 26ஆம் பிரிவில் இருக்கிறது. ஆலையில் யூனியன் கூட்டத்தில் அதைக் காதால் கேட்டிருந்தேன். கூடத்தில் அத்தனை ஆண்கள் உட்கார்ந்திருக்க, நின்றபடி அதைச் சொன்னேன். அந்தக் கணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். உன்னையும் இப்படிக் கிளம்பச் சொன்னால் இதையே சொல். கை ஓங்கினாலோ மிரட்டினாலோ, 1998ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் மத முறைக் கல்யாணத்துக்கும் பொருந்தும். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம்.

வீட்டுப் பங்குக்கு என் வக்கீல் எடுத்த வழி யுனிவர்சல் பார்ட்னர்ஷிப், அதாவது வாழ்க்கையையே ஒரு கூட்டாகப் பார்ப்பது. கல்யாணப் பதிவு இருக்கிறதா இல்லையா என்பதே அதில் கேள்வி இல்லை. இரண்டு பேர் தங்கள் உழைப்பையும் பணத்தையும் ஒன்றாகப் போட்டு, இருவருக்கும் பொதுவாக ஒரு வாழ்க்கையைக் கட்டினார்களா என்று கோர்ட் பார்க்கும். 2012இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. கிட்டத்தட்ட இருபது வருஷம் ஒரு மனிதரோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்த பெண். அவர் தொழில் செய்து சொத்துச் சேர்த்தார், அவள் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தாள். தொழிலில் அவளுக்குப் பங்கில்லை என்றார் அவர். வீட்டைப் பார்த்ததும் பங்களிப்புத்தான் என்று சொல்லி, அவருடைய நிகரச் சொத்தில் 30 சதவீதத்தை அவளுக்குக் கொடுத்ததை நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் என் வக்கீல் பேசினார். ஒன்று மறக்காதே, நிரூபிக்க வேண்டியது நீதான். பதிந்த கல்யாணமாக இருந்தால், தனி ஒப்பந்தம் எழுதாதவரைக்கும், எல்லாமே பொதுச் சொத்து, பாதி உன்னுடையது. உன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவரால் வீட்டை விற்கவும் முடியாது. உனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே பேங்க் ஸ்டேட்மெண்ட், ரசீது, நீ பணம் அனுப்பிய மெசேஜ், இருவரும் வீட்டைப் பற்றிப் பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் இப்போதே படி எடுத்து உன் அம்மா வீட்டிலோ நம்பிக்கையான தோழியிடமோ வை. வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டால் வழக்குப் போடும் காலமே முடிந்துபோகலாம். வக்கீலிடம் முதல் கேள்வியாக அதைக் கேள்.

இனி பிள்ளை. இதில்தான் அந்த ஒற்றை வரி ஆசாமி சுத்தமாகத் தவறு. 2005ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம், 38ஆம் எண் சட்டம், கல்யாணம் என்று சொல்லும்போது மத முறைப்படி நடந்ததையும் சேர்த்தே சொல்கிறது. அப்பா, அம்மா இருவருக்குமே முழு உரிமை, முழுப் பொறுப்பு. பிள்ளையை வளர்ப்பது, பார்த்துப் பழகுவது, சட்டப்படி கார்டியனாக இருப்பது, செலவுக்குக் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும். பதிவு இல்லை என்று காட்டி உன் மகளை உன்னிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது. அதே காரணத்தைச் சொல்லி நீயும் அவரை விலக்க முடியாது.

என் வழக்கில் நடந்ததைக் கேள். வீட்டு விஷயத்தில் அவர் கொடுத்த அஃபிடவிட்டில், எனக்கும் இவருக்கும் கல்யாணமே நடக்கவில்லை, என் வீட்டில் தங்கியிருந்தார், அவ்வளவுதான் என்று சத்தியம் செய்திருந்தார். பிள்ளைகள் விஷயத்தில் கொடுத்த அஃபிடவிட்டில், நாங்கள் இந்து முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள், ஆகவே அப்பா என்ற முறையில் எனக்கு முழு உரிமை என்று சத்தியம் செய்திருந்தார். அதே மனிதர், அதே கையெழுத்து. என் வக்கீல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதிர்த் தரப்பு வக்கீலுக்கு ஒரு கடிதம் போட்டார். அதற்குப் பிறகுதான் அவர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். வீட்டு மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக எனக்கு வந்தது. அவர் திரும்ப போண்ட் எடுத்துக் கொடுத்தார். பாதிக்குப் போராடியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வக்கீல் ஃபீஸ் கட்ட என்னிடம் பணம் இல்லை. அந்தத் தொகையில் நானும் பிள்ளைகளும் குடிபோக ஒரு இடம் அமைந்தது.

பிள்ளைகள் நலனைப் பார்க்கும் அரசாங்க அலுவலகமான ஃபேமிலி அட்வகேட்டின் உதவியோடு, பிள்ளைகளை இருவரும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேரண்டிங் பிளான் எழுதினோம். மகனையும் மகளையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பள்ளி நாட்களில் என்னிடம், ஒரு வாரம் விட்டு ஒரு வாரக் கடைசி அவரிடம், தீபாவளி ஒரு வருஷம் இங்கே ஒரு வருஷம் அங்கே. அந்தத் தாளைக் கோர்ட் உத்தரவாகவும் ஆக்கிவிட்டோம். உத்தரவாக்கியதில்தான் பலம். வெறும் வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் மாமியார் வீட்டில் நாளுக்கொரு சட்டம் வந்திருக்கும்.

கார்டியன் என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. அன்றாட முடிவுகளை ஒருவரே எடுக்கலாம். ஆனால் பாஸ்போர்ட், பிள்ளையை நாட்டை விட்டு அழைத்துப் போவது, பிள்ளை பெயரில் உள்ள நிலம் வீட்டை விற்பது இதற்கெல்லாம் இருவர் சம்மதமும் வேண்டும். மகளைப் பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட வேண்டும் என்று எனக்கு ஒரு வேண்டுதல். 2015 ஜூனில் விதி மாறி, அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும் வராத பெற்றவரின் சம்மத அஃபிடவிட்டும் ஏர்போர்ட்டில் கேட்கத் தொடங்கினார்கள். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று இழுத்தார். பிளானில் பயணத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்ததால் கடைசியில் போட்டார். உன் பிளானிலும் அந்தப் பத்தியைச் சேர்க்கச் சொல். உன் பெற்றோர் இந்தியாவில் இருந்தால் கட்டாயம் சேர்.

குடும்பத்தை உடைக்கச் சொல்லித் தருகிறேன் என்று யாராவது திட்ட வருவார்கள். சேர்ந்து வாழ முடிந்தால் வாழுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். என் மகன் அவன் அப்பாவிடம் இன்றும் பிரியமாக இருக்கிறான், அதை நான் தடுத்ததே இல்லை. பிரிந்தாகிவிட்ட ஒருத்தி சட்டம் கேட்டால் சட்டத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

என் கோபம் வேறு இடத்தில். 1913இல் கேப் நீதிமன்றத்தில் சியர்ல் என்ற நீதிபதி, கிறிஸ்தவ முறையில் நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். நம் பெண்கள் தெருவில் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போய் நோயோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தாள், பதினாறு வயது. அந்த வருஷமே வந்த இந்தியர் நிவாரணச் சட்டத்தில் நம் பூசாரிகளையும் திருமண அதிகாரிகளாக நியமிக்க வழி பிறந்தது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அதிகாரம் வாங்காத ஐயர்கள் கல்யாணம் நடத்தி வைக்கிறார்கள், கோவில் கமிட்டிகள் ஹால் வாடகை வாங்கிக்கொண்டு கேட்காமல் விடுகிறார்கள். மேடையில் மட்டும் வள்ளியம்மைக்கு மாலை போடுகிறார்கள். பதிவு அதிகாரம் உள்ளவர் வராமல் இங்கே தாலி ஏறக்கூடாது என்று ஒரு விதி போட எந்தக் கமிட்டிக்கும் செலவில்லை.

சொல்லவந்ததால் இதையும் சொல்கிறேன், உன் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் கோவிலில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது அண்டாவைக் கிண்டுவது வருஷா வருஷம் நான்தான். என் அம்மாவுக்குப் பிறகு எனக்கு வந்த வேலை அது. பிரிந்த வருஷம் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, "இந்த வருஷம் சுமங்கலிங்க யாராவது கிண்டட்டும் அக்கா" என்றார். பிரிந்த அவர் அதே கமிட்டியில் பொருளாளராக இருந்தார், அதே வருஷம் காவடியும் எடுத்தார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? இப்போது என் வீட்டு வாசலிலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகிறேன், தெருவே வந்து குடித்துவிட்டுப் போகிறது.

நீ செய்ய வேண்டியதுக்கு வருகிறேன். சம்பளம் குறைவு என்றால் அரசாங்கச் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் அலுவலகத்துக்குப் போ, சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள். கோவில் கொடுத்த கல்யாணத் தாளையும் போட்டோக்களையும் மறக்காமல் கொண்டு போ, மகள் விஷயத்தில் அவை உதவும். வீட்டு வழக்கு நேரம் எடுக்கும். மகளுடைய செலவு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். உன் ஏரியா மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மெயின்டெனன்ஸ் என்கிற பராமரிப்புச் செலவுப் பிரிவில் ஜே 101 என்ற ஃபாரம் தருவார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அவர் கொடுக்காமல் ஏமாற்றினால் சம்பளத்தில் நேரடியாகப் பிடிக்க உத்தரவு வாங்கலாம். மகளுக்கு 18 ஆனதும் அது தானாக நிற்காது, அவள் சொந்தக் காலில் நிற்கும்வரை உண்டு. மளிகை, பள்ளி, டாக்டர், பஸ் என்று மாதச் செலவை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, அந்த ஃபாரத்தோடு இந்த வாரமே கொடுத்துவிடு.