குடுவை ஆர்க்கிட் நாற்றுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகையின் கலப்பின நாற்றுகள் வளரும் மூடிய கண்ணாடிக் குடுவை ஒன்று கூரியரில் வந்தது. பெட்டி உருண்டதில் அகார் (நாற்றுகள் வளரும் சத்துக்கூழ்) நொறுங்கி நாற்றுகள்மேல் அப்பிக்கிடக்கிறது. உடனே திறக்கட்டுமா, சில நாள் விட்டுவைக்கட்டுமா?

பதில்: அகார் நாற்றுகளின் குருத்தை மூடியிருந்தால் அன்றைக்கோ மறுநாளோ குடுவையைப் பிரித்து நாற்றுகளை வெளியே எடுத்துவிடுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் தெரிந்தாலும் அப்படியே. அகாரில் சர்க்கரை இருப்பதால், உள்ளே நுழைந்த பூஞ்சணம் சில நாட்களில் குடுவையையே மூடிவிடும்.

இரண்டும் இல்லையென்றால் அவசரம் வேண்டாம். வெளிச்சமான இடத்தில், 22 முதல் 28 டிகிரி செல்சியஸுக்குள், இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். நேர்வெயில் மட்டும் கூடவே கூடாது. மூடிய கண்ணாடிக்குள் சூடு மளமளவென்று ஏறி நாற்று வெந்துபோகும். இலை 2 முதல் 3 செ.மீ. நீளமும், செடிக்கு இரண்டு மூன்று வேரும் இருந்தால் பிரிக்கத் தயார். இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகிற குளிர்மாதமென்றால், அது கழியும்வரை குடுவையே அவற்றுக்குப் பாதுகாப்பு.

கேள்வி: குடுவையின் வாய் குறுகலாக இருக்கிறது. நாற்றுகளை உடையாமல் எப்படி எடுப்பது? அகார் முழுக்கப் போகவேண்டுமா?

பதில்: அறைச்சூட்டில் உள்ள தண்ணீரைக் குடுவையில் ஊற்றி, மெதுவாகச் சுழற்றினால் அகார் தளரும். பிறகு நீண்ட இடுக்கியால் வேர்ப்பக்கத்தைப் பிடித்து இழுங்கள். வேர் முன்னால் வந்தால் இலைகள் ஒன்றோடொன்று மடங்கிக்கொண்டு பின்னால் வரும். இலையைப் பிடித்து இழுத்தால் குருத்தே கையோடு வந்துவிடும். வராத குடுவையைச் செய்தித்தாளில் நாலைந்து சுற்றுச் சுற்றி, அடிப்பக்கத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. கண்ணாடித்தூள் வேர்களுக்குள் ஒளிந்திருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு நாற்றுகளை 10 நிமிடம் ஊறவையுங்கள். மென்மையான தூரிகையால் அகாரைத் தள்ளி, வழுவழுப்பு போகும்வரை மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றுங்கள். மிச்சமிருக்கும் சர்க்கரைதான் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் முதல் தீனி. ஆனால் வேர் இடுக்கில் கடுகளவு அகார் விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டால் விட்டுவிடுங்கள். அதற்காக வேரை ஒடித்தால் நஷ்டம் பெரிது. பின்னிக்கிடக்கும் இரண்டு மூன்று நாற்றுகளைப் பிரிக்காமல் கொத்தாகவே நடலாம்.

கடைசியில் கேப்டான் அல்லது தைரம் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில், பொதியில் எழுதிய அளவில், ஒரு முக்கு. தாமிரம் கலந்த மருந்து வேண்டாம். இளநாற்றைச் சுட்டுவிடும், டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் என்றால் சொல்லவே வேண்டாம். சமையல் இலவங்கப்பட்டைத் தூளைத் தூவச் சொல்பவர்களும் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சிக் காயவைக்கும். இலைவெட்டில் பூசலாம், வேரில் பட்டால் வேர் சுருங்கும்.

கேள்வி: ஒவ்வொன்றுக்கும் தனித் தொட்டி வைக்கலாமா? எந்தக் கலவை?

பதில்: தனித் தொட்டி வேண்டாம். ஒற்றை நாற்றைச் சுற்றி அதிகக் கலவை இருந்தால் ஈரம் காயவே காயாது. 8 செ.மீ. தொட்டியில் 15 முதல் 20 நாற்றுகளைக் கூட்டாக நடுங்கள். பெரியவை ஒரு தொட்டி, நடுத்தரம் ஒரு தொட்டி, பொடிசுகள் ஒரு தொட்டி என்று தரம் பிரிப்பது நல்லது. கலந்து நட்டால் பெரிசுகளின் நிழலில் சின்னவை தேங்கிவிடும்.

கலவைக்கு 3 முதல் 6 மி.மீ. மரப்பட்டைத் துண்டு மூன்று பங்கு, பெர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக்கல் துகள்) ஒரு பங்கு, பொடிக் கரித்துண்டு ஒரு பங்கு. பட்டையை முந்தின நாளே ஊறவைத்து வடித்துவிடுங்கள். உலர்ந்த பட்டை தண்ணீரை ஏற்காமல் வழியவிடும். தண்ணீர் ஊற்ற மறப்பவர்கள் ஸ்பாக்னம் பாசியில் நடலாம். தினமும் ஊற்றியே தீருவேன் என்பவர்களுக்குப் பாசி ஆகாது. எதில் நட்டாலும் வேர் மட்டும் புதையட்டும், குருத்தின் அடி மேலே தெரியவேண்டும்.

கேள்வி: நட்டு ஐந்து நாளாகிறது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டும் இலைகள் துவண்டு சுருங்குகின்றன. இன்னும் எவ்வளவு ஊற்றவேண்டும்?

பதில்: ஊற்றுவதை நிறுத்துங்கள். அதிகம் நாற்று சாவது இந்த இடத்தில்தான்.

குடுவைக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 100 சதவீதம். அந்தச் சூழலில் வளர்ந்த இலையில் மெழுகுப்படலம் மெலிசாக இருக்கும்; இலைத்துளைகளும் சட்டென்று மூடப் பழகியிருக்காது. வெளிக்காற்றுக்கு வந்ததும் இலையிலிருந்து நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அகாரில் வளர்ந்த வேரோ பட்டையிலிருந்து வேகமாக உறிஞ்சாது. அந்த வேலைக்குப் புதுவேர் வரவேண்டும். இடைப்பட்ட நாட்களில் குறைவது காற்றின் ஈரம். நீங்கள் கூட்டியது கலவையின் ஈரம். அதனால் மேலே வாடலும் கீழே அழுகலும் சேர்ந்தே வருகின்றன.

மூடியுள்ள, ஒளி புகும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் தொட்டிகளை வையுங்கள். அடியில் ஈரக் கூழாங்கல் பரப்பி, தொட்டி தண்ணீரில் நிற்காமல் பாருங்கள். முதல் வாரம் மூடியே இருக்கட்டும். தினமும் ஐந்து நிமிடம் திறந்து காற்று மாற்றினால் போதும். இரண்டாம் வாரம் விரலளவு இடைவெளி, மூன்றாம் வாரம் பாதி, நான்காம் வாரம் பகலில் மூடியை எடுத்துவிட்டு இரவில் போடுவது. ஐந்தாம் வாரம் வெளியே. ஈரமானி இருந்தால் 85 சதவீதத்தில் தொடங்கி 65க்கு இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் இலை மடங்கினால் ஒரு படி பின்னால் போங்கள். மூடியில் மெல்லிய பனிப்படலம் சரி. துளிதுளியாக ஒழுகினால் ஈரம் மிதமிஞ்சிவிட்டது, கொஞ்சம் திறங்கள்.

வெளிச்சம் 5,000 முதல் 8,000 லக்ஸ் வரை போதும். கைப்பேசியிலுள்ள அளவி தோராயமாகக் காட்டும். இலை சிவந்தால் வெளிச்சம் அதிகம். கரும்பச்சையாகி நீண்டு தொங்கினால் குறைவு.

கேள்வி: ஒரு மூலையில் நாலு நாற்று அடிப்பகுதி பழுப்பாகிச் சாய்ந்தது. மூன்றே நாளில் பாதித் தொட்டி போய்விட்டது. என்ன மருந்து?

பதில்: நாற்றழுகல். பித்தியம், ஃபைட்டாப்தோரா, ரைசோக்டோனியா என்ற மூன்று நோய்க்கிருமிகளில் எதுவும் காரணமாகலாம், வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். மெட்டலாக்சில் என்ற மருந்து முதல் இரண்டுக்குத்தான் கேட்கும், ரைசோக்டோனியாவுக்குப் பலிக்காது. ஒரு மருந்தை மட்டும் ஊற்றிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். மருந்துக்கு முன்னால் செய்யவேண்டியது, அழுகியவற்றையும் அவற்றை ஒட்டியிருந்த கலவையையும் ஒரு விரல் அகலம் கூடுதலாகவே எடுத்தெறிவது, மிச்சத்தைப் புதுக்கலவைக்கு மாற்றுவது, சின்ன விசிறியால் காற்றோட்டம் கொடுப்பது. இலை நீர்கோத்து நாற்றமடித்தால் அது பாக்டீரியா. பூஞ்சைக்கொல்லி அதைத் தொடாது.

தொட்டிமேல் கொசு மாதிரி கறுப்பு ஈக்கள் பறக்கின்றனவா? அவற்றின் புழு இளவேரைத் தின்னும். மஞ்சள் ஒட்டட்டை பறப்பவற்றை மட்டுமே பிடிக்கும். மேற்பரப்பைக் காயவிட்டால்தான் புழு குறையும்.

கேள்வி: உரம் எப்போது?

பதில்: புது வேர்நுனி பச்சையாகத் தெரிந்ததும், அதாவது மூன்றாம் வாரம் வாக்கில். 20-20-20 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு கால் கிராம், வாரம் ஒரு முறை. இரண்டு மூன்று மாதம் கழித்து அரை கிராம். மாதம் ஒரு முறை வெறும் தண்ணீரால் கலவையைக் கழுவிவிடுங்கள்; உப்புப் படிந்தால் வேர்நுனி கருகும்.

கேள்வி: ஒரே குடுவையில் வந்தவை எல்லாம் ஒரே மாதிரி பூக்குமா? எத்தனை வருடம் ஆகும்?

பதில்: விதையிலிருந்து வந்த கலப்பினமென்றால் ஒரே மாதிரி பூக்காது. ஒரே காயில் பிறந்தாலும் நிறம், வடிவம், அளவு எல்லாம் மாறும். விதைக்குடுவை வாங்குவதன் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது. அச்சுஅசலாக வேண்டுமென்றால் திசு வளர்ப்புச் செடி வாங்குங்கள். குடுவையிலேயே எல்லாரையும் முந்தி வளர்ந்தது அழகாகப் பூக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை; பொடிசுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

ஃபெலனாப்சிஸ் குடுவையிலிருந்து எடுத்து இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். கேட்லியா வகை ஆர்க்கிட் நான்கிலிருந்து ஏழு வருடம் வரை இழுக்கும். அவ்வளவு நாள் பெயர் நிற்கவேண்டும் என்பதால் ஒவ்வொரு தொட்டிக்கும் லேபிள் அவசியம். காய் தாங்கிய தாய்ச்செடியின் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு மகரந்தம் தந்த செடியின் பெயர், கீழே பிரித்த தேதி. பென்சிலால் எழுதுங்கள், மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும்.