பங்குத்தந்தைக்குப் பிரியாவிடை

கேள்வி: எங்கள் பங்குத்தந்தை (கத்தோலிக்க ஆலயத்தின் பொறுப்புக் குரு) ஓய்வு பெறுகிறார். நன்றியுரையை எப்போது வைப்பது? பணமுடிப்பை எப்படிக் கொடுப்பது?

பதில்: 75 வயது நிறைந்ததும் பணிவிலகல் கடிதத்தை ஆயரிடம் (பிஷப்பிடம்) அளிக்கும்படி திருச்சபைச் சட்டம் 538 கேட்டுக்கொள்கிறது. ஆயர் ஏற்ற பிறகே பணி முடியும். அதனால் தேதி உறுதியாகாமல் அழைப்பிதழ் அடிக்காதீர்கள்.

நன்றியுரைக்குரிய இடம், திருப்பலியில் (பூசையில்) நற்கருணை வழங்கிய பின்வரும் மன்றாட்டு முடிந்து இறுதி ஆசீருக்கு முன்பு. ஒருவர், மூன்று நிமிடம் போதும். அடைமொழிகளை அடுக்குவதைவிட, நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் சடங்குக்கு) அவர் வந்து நின்ற ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் மனதில் நிற்கும். மற்றவர்கள் திருப்பலிக்குப் பின் அரங்கில் பேசட்டும்.

பணமுடிப்பில்தான் பலர் தவறுகிறார்கள். பொறுப்பிலிருப்பவரிடம் கொடுப்பது, மாறாகத் தெளிவாகாதவரை, பங்குக்கே, அதாவது ஆலயச் சமூகத்துக்கே, கொடுத்ததாகக் கருதப்படும் (சட்டம் 1267). ஆகவே வசூல் ரசீதிலேயே ‘அருள்தந்தைக்குத் தனிப்பட்ட அன்பளிப்பு’ என எழுதுங்கள். ஞாயிறு காணிக்கையோடு கலக்கவே வேண்டாம்.

கேடயங்களைத் தவிருங்கள், பாவம், ஓய்வு இல்லத்தின் சிறிய அறையில் எங்கே வைப்பார்? ஒரு புகைப்படத் தொகுப்பு போதும். படத்தின் பின்னால் பெயரும் ஆண்டும் குறிக்க மென்மையான பென்சிலே நல்லது. பேனா மை ஊறி முகத்தில் கறையாகிவிடும்.