கடலூர் பக்கம் டிரவுட் கிடைக்குமா?

வீராணத்தில் தூண்டில் போட்டு டிரவுட் பிடிக்கலாமா, அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிரவுட்டுக்கு வாய்ப்பே இல்லை. அது குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும். 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். நம்மூர் விரால் மேலே வந்து ‘களுக்’கென்று ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போய்விடும். டிரவுட்டுக்கு அந்த வித்தை தெரியாது.

நீலகிரிக்குத்தான் போகணும்: அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி. தூண்டிலுக்கு மீன்வளத்துறை, காட்டுக்குள் நுழைய வனத்துறை. இந்த இரண்டு அனுமதியும் கையில் வந்த பிறகு கூடாரத்தைப் பற்றி யோசியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மற்ற மாதங்களிலும் ராத்திரிக் குளிருக்குக் கடலூர்ப் போர்வை காணாது.