மறதி நோயுள்ள துணையைப் பார்த்துக்கொள்வோர் கேள்விகளுக்குப் பதில்

பினாங்கில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மறதி நோய் கண்ட கணவரை ஆறு ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

மாலையானால் என் கணவர் "வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். இருபது ஆண்டுகளாக இதே வீட்டில்தான் இருக்கிறோம், அக்கா. எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. (ஜெலுத்தோங்)

சொல்லாதீர்கள், அம்மா. "இதுதான் நம் வீடு" என்று நானும் மாதக்கணக்கில் வாதாடினேன். என் கணவர் கதவை உடைக்கப் பார்த்தார். ஒரு நாள் அலுத்துப்போய், "அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். கெடாவில் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்து லயம் என்ற தொழிலாளர் வீட்டு வரிசை, பால்மரம், விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டு, அவருடைய அம்மா சுட்ட ரொட்டி என்று பேச ஆரம்பித்தவர் கதவை மறந்துவிட்டார். அல்சைமர் என்ற மறதி நோயில் புதிய நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதிதான் பெரும்பாலும் முதலில் கெடுகிறது. அதனால் நேற்றைய வீடு அழிந்து, பிள்ளைப் பருவத்து வீடு நிற்கிறது. இன்னொன்று: இருட்டும்வரை காத்திராமல் ஆறரை மணிக்கே விளக்குகளைப் போட்டுவிடுங்கள். அரை வெளிச்சத்தில் விழும் நிழல்கூட அவர்களைப் பயமுறுத்தும்.

இரண்டே நாளில் என் மனைவி ஆளே மாறிவிட்டாள். சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறாள். நோய் முற்றிவிட்டதா? (பட்டர்வொர்த்)

அண்ணே, இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அல்சைமர் இப்படி இரண்டு நாளில் பாய்வதில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், போதிய தண்ணீர் குடிக்காதது, புதிதாகத் தொடங்கிய மருந்து, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கலாம். சளிக்கு மருந்துக் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரைகூட வயதானவர்களைக் குழப்பிவிடும். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

வங்கிக் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கினால் போதுமா? (ஆயர் ஈத்தாம்)

போதாது. நம் நாட்டில், எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் சாதாரணப் பவர் பத்திரம் செல்லாமல் போகும். அதன்பிறகு 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். செலவும் அலைச்சலும் அதிகம். அவருக்குத் தெளிவு இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள்.

குளிப்பாட்டப் போனால் அடிக்கிறார். என்னால் முடியவில்லை. பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தால் பாவமா? (செந்தூல்)

யாரோ ஒருத்தி தன் துணியை அவிழ்க்கிறாள் என்று நினைத்தால் எவரும் கையை ஓங்குவார்கள், தங்கச்சி. அந்த நேரத்தில் நீங்கள் யார் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தோளில் துண்டைப் போர்த்தி, வெதுவெதுப்பான நீரைக் காலில் முதலில் ஊற்றுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள், ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒரு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது.

இல்லத்தில் சேர்ப்பது பாவமே இல்லை. அதற்கு முன், பெட்டாலிங் ஜெயாவிலுள்ள மலேசிய அல்சைமர் நோய் அறநிறுவனத்தில் பகல்நேரப் பராமரிப்பு பற்றிக் கேளுங்கள். என் கணவரைத் தூக்கி உட்கார வைக்க முடியாமல் என் முதுகு போனபின், கடைசி ஆண்டில் நானும் இல்லத்தில்தான் சேர்த்தேன். தினமும் ரசம் சோறு எடுத்துக்கொண்டு போவேன். இல்லம் பார்க்கப் போகும்போது மதியச் சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போங்கள். பொறுமையாக ஊட்டுகிறார்களா, தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்களா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.