பழைய வைட்டமின் புட்டி

கேள்வி: எனக்கு வயது 33. ஐ.வி.எஃப் சிகிச்சையில் இரண்டு முறை கருவை வைத்தும் பதியவில்லை. இரண்டாம் முறைக்கு முன்பிருந்தே சோயா ஐசோஃபிளேவோன் மாத்திரையும், மன அமைதிக்காகச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையும் எடுத்துவருகிறேன். வீட்டில் கேள்வி வராதிருக்கப் பழைய வைட்டமின் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தாவரப் பொருள்தானே, கரு பதிவதைக் கெடுக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் புட்டிதான். தீங்கற்றது என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் அதற்கு வேறொன்றின் பெயரைப் போர்த்தியிருக்க மாட்டீர்கள். ஐயம் இருந்திருக்கிறது; மருத்துவரைக் கேட்காமல் விழுங்கிவிட்டு, இப்போது என்னைக் கேட்கிறீர்கள்.

சோயாவிலுள்ள ஜெனிஸ்டீன் என்ற ஐசோஃபிளேவோன், அமைப்பில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை ஒத்திருப்பதால், அதற்கென்று செல்களில் உள்ள ஏற்பிகளிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் க்ளோவர் என்ற தீவனச் செடியை மேய்ந்த செம்மறியாடுகள் சினைபிடிக்காமல் போனது இத்தகைய பொருள்களால்தான். அவை நாள் முழுவதும் அதையே மேய்ந்தன என்பதையும் சொல்ல வேண்டும். உணவில் அளவாகச் சேரும் சோயா பெண்களின் கருத்தரிப்பைக் கெடுப்பதாக நிறுவப்படவில்லை. கரு பதியாமல் போவதற்குக் கருவின் குரோமோசோம் குறையே பல நேரங்களில் காரணமாகிறது என்பதால், பழியை மாத்திரையின் மேல் போட நான் துணிய மாட்டேன்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இரண்டாவது மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. அது கல்லீரலின் நொதிகளைத் தூண்டிப் பல மருந்துகளை விரைவில் சிதைக்கச் செய்யும்; கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடக்கூடியது. கருமுட்டை வெளியான பின் ஏறத்தாழ 6 முதல் 10 நாள்களுக்குள் கரு கருப்பையின் உட்சுவரில் ஒட்டியாக வேண்டும் என்பதால், அந்தச் சில நாள்களுக்காகவே உங்கள் மருத்துவர் ஹார்மோன்களை அளந்தளந்து கொடுக்கிறார். நீங்களோ அவருக்குத் தெரியாமல் அந்த அளவில் கைவைத்திருக்கிறீர்கள். இரண்டாவது தோல்விக்குக் காரணம் தேடும் அவர் கையில் இருப்பது பிழையான குறிப்பு.

கணவரிடம் ஏன் மறைத்தீர்கள்? குழந்தை வேண்டும் என்பது இருவரின் முடிவு; ஊசியும் வலியும் உங்களுக்கே வந்த பிறகு, ஒரு மாத்திரையைக்கூட ஒளித்து விழுங்கும் அச்சத்தோடு மனைவி இருக்கிறாள் என்றால், கண்டிக்க வேண்டியது உங்களை மட்டும் அல்ல.

நிறுத்திய பிறகும் அந்த மூலிகையின் விளைவு ஏறத்தாழ 2 வாரம் நீடிக்கும் என்பதால், அடுத்த கருவை வைப்பதற்கு முதல்நாள் விட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். எப்போது தொடங்கினீர்கள், நாளைக்கு எத்தனை என்று தாளில் எழுதி, கணவரையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். புட்டியையும் எடுத்துச் செல்லுங்கள்.